துவைக்கிற கல்

ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த வருடம் எனக்கு இருபது வயது. சிவகங்கைப் பக்கம் என் ஊர். பிளஸ் டூ முடித்து, ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் இரண்டு வருடம் நின்று, பிறகு பஸ் ஏறி வந்தவள். கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டித்தரும் கம்பெனி அது. ஆள் உயரப் பலகையில் ஆணி ஆணியாக அடித்திருப்பார்கள். கலர் வயர்களை அந்த ஆணிகளின் வழியாக இழுத்து, டேப் சுற்றி, கிளிப் மாட்டி, அடுத்தவளிடம் நகர்த்த வேண்டும். முதல் மாதம் விரல் நுனியெல்லாம் வெடித்துப் போயிற்று.

கம்பெனியிலிருந்து வடக்குப்பட்டுப் பக்கமாகப் போனால் ஒரு சின்ன ஊர். அங்கே மூன்று பேராக அறை எடுத்திருந்தோம். ஒருத்தி தேனிக்காரி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள், மனதில் ஒன்று வாயில் ஒன்று என்பதே தெரியாதவள். இன்னொருத்தி அருப்புக்கோட்டைக்காரி, ஷிஃப்ட் இல்லாத நேரமெல்லாம் தூங்குகிறவள். வீட்டுக்காரர் வயலைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் மிஞ்சிய இடத்தில் சிமெண்ட் ஷீட் போட்டு வரிசையாக ஐந்து அறை கட்டியிருந்தார். ஐந்து அறைக்கும் சேர்த்து ஒரு அடிபம்பு, ஒரு தொட்டி, ஒரு கக்கூஸ். துணி துவைக்கக் கல் கிடையாது. சிமெண்ட் தரையில் அடித்துத் துவைத்தால் தரை பெயர்கிறது என்று வீட்டுக்காரம்மா சத்தம் போடுவார்.

"ஆளாளுக்கு தொம்மு தொம்முனு அடிக்கிறீங்களே, தரை இன்னாத்துக்கு ஆவறது? ஒரு கல்லு எடுத்தாந்து போட்டுக்கறதுதான?"

கல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஊருக்கு மேற்கே கைவிட்ட கல்குவாரி ஒன்று பச்சைத் தண்ணீர் நிறைந்து கிடந்தது. அதன் ஓரத்தில் வேலிகாத்தான் முள்காடு. கக்கூஸ் அடைத்துக்கொள்ளும் நாட்களில் விடிவதற்குள் நாங்கள் அந்தப் பக்கம்தான் போவோம். விறகுக்காக யாரோ முள்ளை வெட்டிய இடத்தில், இரண்டடி நீளத்தில் ஒரு தட்டைக் கல் தரையோடு படுத்திருந்ததை நான் பார்த்து வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் ஒரு கோணிச்சாக்கை எடுத்துக்கொண்டு போனோம். அவர்கள் இருவரும் அந்த முனையைப் பிடித்துத் தூக்க, நான் இந்த முனையில் குனிந்து அடியில் கை கொடுத்தேன். அடிப்பக்கத்தில் எழுத்து இருந்தது. மண் அப்பியிருந்தாலும் தெரிந்தது. இரண்டு வரி. மேலே ஒரு பெயர், கீழே எண்கள். பெயரின் நடுவில் ஒரு 'க' கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலமாகத் திரும்பி நின்றது.

அதைப் பார்த்ததும் எழுதத் தெரியாத யாரோ விளையாட்டாகக் கொத்தியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்ள அந்தத் திரும்பிய எழுத்து வசதியாக இருந்தது. ஆனால் பத்தடி தள்ளி, முள்ளுக்கு நடுவே, இதே மாதிரி கற்கள் நாலைந்து நின்றுகொண்டிருந்தன. ஒன்றின் மேல் காய்ந்து கறுத்த சாமந்தி மாலை கிடந்தது. அதையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இத்தனை வருடம் கழித்துச் சொல்ல முடியாது.

"என்னடி, அடியில எதுவும் கெடக்கா? தேளு கீளு இருக்கப் போகுது" என்றாள் தேனிக்காரி.

"ஒண்ணுமில்ல. மண்ணுதான். அப்பிடியே சாக்குல இறக்குங்க."

எழுத்து அடியில் இருக்கும்படியே இழுத்து வந்தோம். பம்புக்குப் பக்கத்தில் போட்டோம். வீட்டுக்காரம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். கல் ஆடுகிறது என்று சொல்லி, அடுத்த மாதம் அவரே கொத்தனாரை விட்டு அடியிலும் சுற்றிலும் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார். ஐந்து அறைக்காரர்களும் அதில் துவைத்தோம். மீன் உரசினோம். செருப்பைத் தேய்த்தோம். மாதத் துணிகளை அலசினோம்.

அந்தச் சமயத்தில்தான் கேன்டீன் அக்காவோடு பழக்கம் ஏற்பட்டது. கம்பெனி கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிற பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் எங்கோ கர்நாடகத்தில் குவாரி வேலைக்குப் போனவர், வருடத்துக்கு ஒருமுறை வருவார். கம்பெனி பஸ் எங்கள் ஊருக்குள் வராது. மெயின் ரோட்டில் இறங்கி இருபது நிமிடம் நடக்க வேண்டும். அக்காவின் வீடு குவாரிக்கு அந்தப் பக்கம், குவாரி காலனியில். இருவரும் சேர்ந்து நடப்போம். நான் பேசுகிற தமிழைக் கேட்டு அவர் சிரிப்பார். அவர் 'கீது' என்பதைக் கேட்டு நான் சிரிப்பேன். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி பஸ் ஏறும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும் என்று அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். ஒருமுறை மேற்பார்வையாளர் என்னை எல்லார் முன்னாலும் திட்டியபோது, சாப்பாட்டு வரிசையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கரண்டியை வைத்துவிட்டு வந்து என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தக் கம்பெனிக்குள் அப்படிச் செய்த ஒரே ஆள் அவர்தான்.

காலனியின் கதையை அவர் நடந்துகொண்டே துண்டு துண்டாகச் சொல்வார்.

"எங்க தாத்தாவுக்கு அப்பா காலத்துல பன்னெண்டு குடும்பம் வந்துச்சிங்களாம். சேலத்துப் பக்கம். வெள்ளக்காரன் ரோடு போடறதுக்கு ஜல்லி ஒடைக்க இட்டாந்து வுட்டான். அப்ப இங்க வூடும் கெடையாது, கெணறும் கெடையாது. பாறை, பாம்பு. அவ்ளோதான்."

"ஊருக்காரங்க சேத்துக்கிட்டாங்களாக்கா?"

"எங்க சேத்துக்கினாங்க? வந்த வருஷமே ஒருத்தி செத்துட்டா. ஊரு சுடுகாட்டுல பொதைக்க வுடல. அப்பறம் குவாரி ஓரத்துலயே பொதைச்சாங்க. அதான் எங்க கல்லறை. எங்களுக்கு நெலம் கெடையாது, நக நட்டு கெடையாது. கல்லு வெட்டத் தெரியும். அதனால செத்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு கல்லு. பெத்த புள்ள, இல்ல புருஷன், தன் கையாலதான் வெட்டணும். வெளி ஆளு வெட்டக் கூடாது."

இதைச் சொன்னபோது நாங்கள் குவாரியைத் தாண்டிக்கொண்டிருந்தோம். நான் தலையைத் திருப்பவில்லை. அது வேறு இடமாக இருக்கும், காலனிக்குப் பின்னால் இருக்கும் என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டேன். எந்த இடம் என்று கேட்டிருந்தால் அக்கா கையை நீட்டிக் காட்டியிருப்பார். கேட்கவில்லை.

தை மாதம் முடிந்ததும் நில அளவைக்காரர்கள் வந்து குவாரி ஓரத்தில் குச்சி நட்டார்கள். ஒரு கிடங்குக்கும் அதற்குப் போகிற சாலைக்கும் அந்த இடம் வேண்டுமாம். பதிவேட்டில் அது கல்லாங்குத்துப் புறம்போக்கு, அதாவது வெறும் பாறை நிலம், என்றுதான் இருந்ததாம். சுடுகாடு என்று எங்கும் இல்லையாம். காலனிக்காரர்கள் மனு கொடுக்க வேண்டும். யாரை எழுதச் சொல்வது என்ற பேச்சு வந்தபோது அக்கா என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை வீடு. சுவரெல்லாம் கருங்கல், அவர்களே கட்டியது. அக்காவின் சித்தப்பா, அறுபது வயதுக்காரர், உளி பிடித்துப் பிடித்து இடது கட்டைவிரல் சப்பிப் போனவர், பாயில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"மொதல் கல்லு வந்த வருஷமே வச்சதுன்னு போடும்மா. அதுல வருஷம் கீது. வெள்ளக்காரன் காலத்து வருஷம். அது ஒண்ணு போதும், இது எத்தினி காலத்து எடம்னு தெரிஞ்சிடும்."

"கல்லு இப்பவும் இருக்காய்யா?"

"சாஞ்சி வியுந்துகீது. முள்ளு மூடிக்கீது. ஆபீசர் வரதுக்குள்ள சுத்தம் பண்ணி நிமித்திடுவோம்."

அக்கா குறுக்கே வந்தார். "அதுல ஒரு எழுத்து தப்பா இருக்கும்டி. அந்தப் பொம்பளையோட புருஷனுக்குப் படிக்கத் தெரியாது. கணக்கப்பிள்ளைகிட்ட காயிதத்துல எழுதி வாங்கி, அதப் பாத்துப் பாத்து வெட்டிகிறாரு. 'க' திரும்பிகினு நிக்கும். எங்க அம்மா சின்னதுல காட்டும். 'பொண்டாட்டி செத்த அயுகையில தெரியாம வெட்டிட்டாரு, அப்பறம் மாத்தவே மாட்டேன்ட்டாரு'ன்னு சொல்லும்."

பேனா என் கையில் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். அக்கா, அந்தக் கல் என் அறைக்குப் பின்னால் இருக்கிறது, சிமெண்டில் இருக்கிறது, வாங்க எடுத்துவிடலாம். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அக்காவின் சித்தப்பா எனக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். படித்த பெண் என்று காலனிப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அடக்கம் செய்யப்பட்டவரின் கல், ஆண்டு பொறித்தபடி, இன்றளவும் மேற்படி இடத்தில் உள்ளது என்று எழுதினேன். கையெழுத்து நன்றாக வர வேண்டும் என்று அந்த வரியை நிறுத்தி நிதானமாக எழுதியதுகூட ஞாபகம் இருக்கிறது.

அறைக்குத் திரும்பியபோது தேனிக்காரி அந்தக் கல்லில் போர்வையை முறுக்கி அடித்துக்கொண்டிருந்தாள். கல்லைச் சுற்றியிருந்த சிமெண்டை நான் காலால் அழுத்திப் பார்த்தேன். இரும்பு மாதிரி இருந்தது. வீட்டுக்காரம்மாவிடம் என்ன சொல்லிப் பெயர்ப்பது? இவளிடம் என்ன சொல்வது? நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அடுத்தடுத்த நாளும் அப்படியே நினைத்தேன்.

பத்து நாள் கழித்துக் காலனிக்காரர்கள் முள்ளை வெட்டி இடத்தைச் சுத்தம் செய்தார்கள். நாற்பதுக்கு மேல் கற்கள் வெளியே வந்தன. முதல் கல்லைக் காணவில்லை. அது கிடந்த பள்ளம் மட்டும் அதன் அளவில் இருந்தது.

அக்கா அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்கிற ஆட்களைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதார். "எவனோ வூட்டுக்கு அஸ்திவாரம் போட எடுத்துனு போயிட்டாண்டி. லாரிக்காரனுங்க வேலைதான் இது. நாளைக்கு லீவுதானே உனக்கு? என்கூட வரியா? எங்கெங்க வூடு கட்றாங்கன்னு போய்ப் பாத்துட்டு வந்துரலாம்."

போனேன். இந்தக் கதையில் யாரிடமும் சொல்லாமல் இத்தனை நாள் வைத்திருந்த பகுதி இதுதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவரோடு வெயிலில் அலைந்தேன். வீடு கட்டுகிற இடங்களிலெல்லாம் கல் குவியலைப் புரட்டிப் பார்த்தோம். பென்னலூர்ப் பக்கம் ஒரு கிரஷரில் கேட்டோம். ஒரு வீட்டில் வாசற்படிக்குப் போட்டிருந்த கல்லை அக்கா உட்கார்ந்து தடவிப் பார்க்க, வீட்டுக்காரர் நாயை ஏவிவிட்டார். நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு லாரி டிரைவரை அக்கா நடுரோட்டில் நிறுத்தி, "பொணத்து மேல இருந்த கல்ல எடுத்து வித்தியே, உன் குடும்பம் வெளங்குமா?" என்று கேட்டார். அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் அவரை முறைத்தேன். ஆம், நானும் சேர்ந்து முறைத்தேன்.

மத்தியானம் ஒரு புளிய மர நிழலில் உட்கார்ந்து அக்கா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். "யாரு பெத்த பொண்ணோ, எனக்கோசரம் வெயில்ல காயற" என்றார்.

அதிகாரி வந்தது ஒரு புதன்கிழமை. எனக்கு மத்தியான ஷிஃப்ட் என்பதால் காலையில் அக்கா என்னைக் கூட்டிப்போனார். கற்களுக்கெல்லாம் தண்ணீர் விட்டுக் கழுவி, பொட்டு வைத்திருந்தார்கள். அதிகாரி கெட்டவர் இல்லை. ஒவ்வொரு கல்லாகக் குனிந்து படித்தார். மனுவைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதுல வருஷம் போட்டிருக்கறதெல்லாம் முப்பது, நாப்பது வருஷத்துக் கல்லுதான். மத்ததுல எழுத்தே இல்ல. முதல் கல்லு, வருஷத்தோட இருக்குன்னு எழுதியிருக்கீங்களே. எங்க அது?"

"இங்கதான் சார் இருந்துச்சி. யாரோ எடுத்துனு பூட்டாங்க" என்றார் சித்தப்பா.

"கண்ணால பாத்தவங்க?"

"நாங்க எல்லாருமே பாத்துகிறோம் சார்."

"நீங்கல்லாம் ஒரே காலனி. வெளி ஆளுங்க யாராவது பாத்தாங்களா? பாத்தாங்கன்னா சொல்லுங்க, அத எழுதிக்கிறேன்."

அக்கா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "இந்தப் பொண்ணுதான் சார் மனு எய்துச்சி. கம்பெனில வேலை செய்யுது. தெக்கத்திப் பொண்ணு, எங்க ஆளு கெடையாது."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீ பாத்தியாம்மா அந்தக் கல்ல?"

பார்த்தவள் நான் ஒருத்திதான். காலனிக்கு வெளியே, இந்த உலகத்தில், அந்தப் பெயரையும் அந்தத் திரும்பிய 'க'வையும் அந்த வருடத்தையும் பார்த்தவள் நான்தான். அவருக்கு வேண்டிய சாட்சி நான்தான்.

"இல்ல சார்" என்றேன். "அவங்க சொன்னாங்க. நான் எழுதுனேன்."

அவர் மனுவின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். ஜீப் போன பிறகு அக்கா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். "நீ இன்னா பண்ணுவ? பாக்காதத பாத்தேன்னு சொல்லுவியா? பொய் சொல்ற பொண்ணா நீ?"

அன்று லைனில் நான் கட்டிய வயர்களில் பாதி தப்பு என்று திருப்பி அனுப்பினார்கள்.

அடுத்த ஞாயிறு அக்கா எங்கள் அறைக்கு வந்தார். அதற்கு முன் ஒருநாளும் நான் அவரை அழைத்ததில்லை. ஏதாவது சாக்குச் சொல்லி மெயின் தெருவிலேயே விடைகொடுத்துவிடுவேன். அன்று அவரே விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். கையில் ஒரு தூக்குச்சட்டி. குவாரித் தண்ணீரில் பிடித்த மீனில் குழம்பு வைத்து எடுத்து வந்திருந்தார்.

"மனு எய்திக் குடுத்தியே, ஒரு வாய் சோறு போட்டனா உனக்கு? துன்னு."

தேனிக்காரிக்கு ஒரே கொண்டாட்டம். அருப்புக்கோட்டைக்காரிகூட எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் அக்கா தட்டுகளை எடுத்து அடுக்கினார்.

"வைங்கக்கா, நான் கழுவுறேன்" என்று எழுந்தேன்.

"உக்காருடி. கைவேலை செஞ்சி செஞ்சி வெரலப் பாரு" என்று என்னைத் தோளில் அழுத்தி உட்கார வைத்துவிட்டுப் பின்னால் போனார்.

பம்பு அடிக்கிற சத்தம் கேட்டது. தட்டு உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

அக்கா வாசலில் வந்து நின்றார். கையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. "அந்தக் கல்லு ஏது?" என்றார்.

"நாங்க கொண்டாந்ததுக்கா" என்றாள் தேனிக்காரி பெருமையாக. "குவாரிப் பக்கம் கெடந்துச்சு. மூணு பேரும் சாக்குல வச்சு இழுத்துட்டு வர்றதுக்குள்ள உசுரு போயிருச்சு. இவதான் இடம் பாத்து வச்சிருந்தா."

"ரெண்டு மூலையும் சரிச்சி வெட்டிகீது" என்றார் அக்கா. "எங்க ஆளுங்கதான் அப்டி வெட்டுவாங்க. எய்த்து எதுனா இருந்துச்சா?"

"எழுத்தா? ஒண்ணும் இல்லையே. மண்ணுதான் அப்பியிருந்துச்சு." தேனிக்காரி என் பக்கம் திரும்பினாள். "ஏய், நீதான அந்தப் பக்கம் பிடிச்ச. எழுத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன்.

அக்கா நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். தேனிக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு நாயித்துக்கெயமை என்னோட அலைஞ்சியே" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது. "நாயி தொரத்துச்சே. அப்பகூட உனுக்கு சொல்லத் தோணல?"

"எப்பிடியாவது திருப்பி வச்சிரலாம்னு நெனச்சேன்க்கா. சிமெண்ட்டு வச்சிட்டாங்க, அதான்..."

"அந்த ஆபீசரு கேட்டாரே உன்ன. நான்தான கைய புடிச்சி உன்ன முன்னாடி இட்டுனு போனேன்."

நான் அவருடைய ஈரக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"துணி மட்டுந்தான தொவைச்சீங்க அதுல?"

"ஆமாக்கா" என்றேன். அதுவும் பொய். சற்று முன் அவரே அதன் மேல் மீன் முள்ளை ஒதுக்கியிருந்தார். நான் எதையெல்லாம் நினைத்து அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். கழுவிய தட்டுகள் கல்லின் மேல் அடுக்கியபடியே இருந்தன.

மறுநாள் காலை சித்தப்பாவும் இன்னும் இரண்டு ஆண்களும் உளி, சுத்தியலோடு வந்தார்கள். அக்காவும் வந்தார். நான் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்காரம்மா முதலில் எகிறினார். "எங்க வூட்டுல வந்து எங்க கல்ல பேக்கறீங்களா? சிமெண்ட்டு நாங்க வச்சது." விஷயம் தெரிந்ததும் முகம் வெளிறிப்போய், "ஐயோ, எங்களுக்கு இன்னா தெரியும்? தோ, இந்தப் பொண்ணுங்கதான் எடுத்தாந்து போட்டுதுங்க" என்று என்னைக் கைகாட்டினார். அக்கம்பக்கத்து அறைக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள்.

சித்தப்பா சிமெண்டில்தான் உளியை வைத்தார். கல்லில் ஒரு தட்டுக்கூடப் படவில்லை. மூன்று மணி நேரம் ஆயிற்று. கல் நிமிர்ந்தபோது எழுத்தெல்லாம் சிமெண்ட் அடைத்து வழுவழுவென்று இருந்தது. சித்தப்பா மண்டியிட்டு, சின்ன உளியால் ஒவ்வொரு எழுத்தாகத் தோண்டி எடுத்தார். அந்த 'க' வந்ததும் கையை நிறுத்தி, விரலை அதன் மேல் வைத்தார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்கிக் குடித்தார். அக்கா, "எனக்கு வாணாம்" என்றார்.

கயிறு கட்டி, கழியில் மாட்டித் தூக்கினார்கள். ஒரு பக்கம் ஆள் குறைவாக இருந்தது. நான் கழியைப் பிடிக்கப் போனேன். "நீ வுடும்மா" என்றார் சித்தப்பா. திட்டுகிற மாதிரி இல்லை. அதனால்தான் அது இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் கல்லை வைத்து அவர்கள் மறுபடியும் மனு கொடுத்தார்கள். அந்த மனுவை யார் எழுதினார்களோ தெரியாது. அதிகாரி வந்து பார்த்தாராம். எழுத்துக்குள் புதிதாக உளி பட்ட வெள்ளைத் தடம். ஒரு பக்கம் சோப்புத் தேய்ந்த வழவழப்பு. போன தடவை இல்லாத கல் இந்தத் தடவை எப்படி வந்தது, நீங்களே வெட்டி வைத்தீர்களா என்று கேட்டாராம். தேனிக்காரிதான் கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

அன்று ராத்திரி ஷிஃப்டுக்குப் போகாமல் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். எந்த ஞாயிற்றுக்கிழமை, யார் யார், எழுத்தைப் பார்த்தது, அதிகாரியிடம் இல்லை என்று சொன்னது. காலையில் தாலுகா ஆபீஸுக்குத் தனியாகப் போனேன். அதே அதிகாரி படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"இத அன்னைக்குச் சொல்லியிருந்தா ஒரு வரி எழுதி அனுப்பியிருப்பேம்மா" என்றார். "ரிப்போர்ட்டு மேல போயிடுச்சு. அன்னைக்கு இல்லன்னு சொன்ன பொண்ணு இன்னைக்கு ஆமான்னா, எத நம்பறது? அவங்க சொல்லி எழுதிக் குடுக்கறேன்னுதான் நெனப்பாங்க." ஆனாலும் தாளைத் திருப்பித் தரவில்லை. கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கீழே உள்ளவரிடம் கொடுத்தார். அதனால் ஏதாவது நடந்ததா, இல்லையா, எனக்குத் தெரியாது.

கடைசியில் பாதி இடம்தான் தப்பியது. குவாரிக் கரையை ஒட்டிய பகுதியைச் சுடுகாடு என்று ஒதுக்கினார்கள். சாலைப் பக்கத்துப் பகுதி போயிற்று. முதல் குழி அந்தப் பகுதியில்தான் இருந்தது. அங்கிருந்த பதினொரு கற்களையும், ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் ஒரு சட்டி மண்ணையும் எடுத்துக்கொண்டு உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். பெண்கள் எல்லோரும் சேர்ந்து போனார்களாம். அன்று எனக்குக் காலை ஷிஃப்ட். அக்கா லீவு போட்டிருந்தார்.

அக்கா கேன்டீனில் பரிமாறுகிற வேலையை விட்டுவிட்டு, உள்ளே காய்கறி நறுக்குகிற இடத்துக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் ஏறினால் முன்னால் போய் நின்றுகொள்வார். நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு நாள் பின்னாலேயே ஓடி, காலனி வழியில் அவரை நிறுத்திக் கேட்டேன். "செரி" என்றார். "போ, இருட்டறதுக்குள்ள வூட்டுக்குப் போ." அதற்குமேல் அவரிடம் எனக்குக் கொடுக்க எதுவும் இல்லை என்று புரிந்தது. நான் எதை எதிர்பார்த்து ஓடினேன் என்றும் அப்போதுதான் புரிந்தது.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கணவர் மறைமலை நகரில் வேலை பார்க்கிறார். இங்கேதான் குடும்பம். தேனிக்காரி ஊருக்குப் போய்விட்டாள். எப்போதாவது போனில் பேசும்போது எதைப் பேசினாலும் அதை மட்டும் பேச மாட்டாள். அவள் வாயை நான் பூட்டிவிட்டேன் என்று தோன்றும்.

கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து, ஒரு மதியம், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அங்கே போனேன். கிடங்கின் சுவர் உயரமாக எழுந்திருந்தது. அதற்குப் பின்னால் குவாரிக் கரையில் கம்பி வேலி போட்டிருந்தார்கள். உள்ளே கற்கள் நெருக்கமாக நின்றன. முன்னால் வரிசையாக நின்ற பதினொன்றில் எது அந்தக் கல் என்று தெரியவில்லை. எழுத்துப் பக்கம் தண்ணீரைப் பார்த்து இருந்தது. வேலிக்கு ஒரு கதவு இருந்தது, பூட்டு இல்லை. உள்ளே போய்ச் சுற்றி வந்து பார்த்திருக்கலாம். கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், எனக்கு முன்பின் தெரியாதவர், கோலை ஊன்றிக்கொண்டு கிட்டே வந்தார். "யாரும்மா? யாரப் பாக்கணும்?"

அக்காவின் பெயர் வாய்வரை வந்தது.

"யாரும் இல்லங்க. வழி தப்பி வந்துட்டேன். பஸ் ஸ்டாப்புக்குப் போகணும்."

"அடப் பாவமே, வெயில்ல" என்று அவர் என்னோடு பத்தடி நடந்து வந்து வழி சொன்னார். நேரே போனால் ஒரு டீக்கடை, அதற்கப்புறம் இடது கைப் பக்கம் திரும்ப வேண்டும், வலது பக்கம் போனால் கிடங்கு கேட்டு வந்துவிடும், அங்கே போய்விடக்கூடாது, நாய் இருக்கும். ஒரு காலத்தில் தினமும் நான் நடந்த வழி அது. அவர் கையை நீட்டி நீட்டிச் சொன்ன ஒவ்வொன்றுக்கும், புதிதாகக் கேட்பது போல, தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.